ஆஃபென்சிவ் லைன்மேனாக என்.எஃப்.எல்லில் நிலைப்பது எப்படி

அமெரிக்க ஃபுட்பாலில் (அதன் தொழில்முறை லீக்தான் என்.எஃப்.எல்) பந்து வைத்திருக்கும் அணியின் 11 பேரில் ஐந்து பேர் ஆஃபென்சிவ் லைன்மேன்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், விளிம்புகளில் டேக்கிள்கள். சட்டை எண் 50 முதல் 79 வரை. சென்டர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தருவதோடு சரி. மற்ற நால்வரும் ஒரு சீசன் முழுக்கப் பந்தைத் தொடாமலே முடிக்கலாம். குவார்ட்டர்பேக் பந்தை எறியும்வரை, சுமார் இரண்டரை வினாடி, எதிராளியை அவரிடம் நெருங்கவிடாமல் நிறுத்த வேண்டும். ஓட்டம் என்றால் பந்தோடு வருபவருக்கு வழி திறக்க வேண்டும். இந்த வேலை சிலருக்கு ஒரே ஆண்டில் கைநழுவிவிடும். ப்ரூஸ் மேத்யூஸ் 19 சீசன்களில் 296 ஆட்டங்கள் ஆடினார். நீண்ட காலம் நிற்பவர்களைக் கவனித்தால், அவர்களைக் காப்பாற்றுவது தோள் பலத்தைவிடக் காலடிதான்.

முதலில் உடலை அளந்து இடத்தை முடிவு செய்யுங்கள். கை நீளத்தைத் தோள்பட்டை எலும்பின் முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளப்பார்கள். 34 அங்குலம் இருந்தால் டேக்கிளுக்கு நல்லது. 33-க்குக் கீழே போனால் பல அணிகள் உங்களைக் கார்ட் இடத்துக்கு நகர்த்தப் பார்க்கும். எதிராளியின் கை உங்கள் மார்பில் முதலில் பட்டுவிட்டால் அந்த மோதல் பாதி முடிந்ததுபோல என்பதுதான் காரணம். ஆனால் இது கல்வெட்டு அல்ல. 33 அங்குலக் கையோடு வந்த ரஷான் ஸ்லேட்டரை 2021 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) சார்ஜர்ஸ் அணி 13-வது ஆளாக எடுத்து இடது டேக்கிளாகவே ஆடவைத்தது.

எடை இன்று பெரும்பாலும் 136 முதல் 150 கிலோ. பள்ளியில் 110 கிலோ இருக்கும் பையன் அதை ஒரே கோடையில் எட்டப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. மாதம் ஒன்றரை கிலோவுக்கு மேல் ஏற்றினால் பெரும்பகுதி கொழுப்பாகவே சேரும், முழங்கால்தான் அதைச் சுமக்கும். ஒவ்வொரு ஐந்து கிலோவுக்கும் ஒருமுறை 10 கெஜ ஓட்டத்தை நேரம் பார்த்து ஓடுங்கள். நேரம் கூடியிருந்தால் எடையை அங்கேயே நிறுத்தி, அந்த உடலில் வேகம் திரும்பும்வரை காத்திருங்கள்.

இனி காலடி. பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம். இடது டேக்கிளை எடுத்துக்கொள்வோம். வலது கை குவார்ட்டர்பேக்கின் பார்வை படாத முதுகுப் பக்கத்தைக் காப்பவர் இவர். பாதங்கள் தோளகலத்தைவிடச் சற்று விரிந்திருக்க வேண்டும். இடது பாதத்தின் விரல்கள் வலது பாதத்தின் நடுவளைவுக்கு நேராக, கொஞ்சம் பின்னால். எடை இரு பாதங்களின் உட்புறத்தில். பந்து நகர்ந்ததும் வலது காலால் தரையைத் தள்ளி, இடது காலைப் பின்னோக்கிச் சறுக்குங்கள். வலது கால் அதே அளவு தொடர வேண்டும். இதுதான் கிக் ஸ்லைடு. தள்ளும் வேலை உள்காலுடையது, அதாவது வலது காலுடையது. வெளிக்காலை எட்டிவைத்து உடலை இழுத்தால் இடுப்பு மேலே எழும்பிவிடும்.

இதில் வரும் பிழைகள் அநேகமாக மூன்று. இரு குதிகால்களும் ஒன்றையொன்று தொட்டுவிடுவது முதலாவது. அந்த நொடியில் எதிராளி நேராக மார்பில் மோதினால் நிற்கத் தளமே இருக்காது. இரண்டாவது, வேகமான ஆளைக் கண்டு பயந்து இடுப்பைச் சீக்கிரம் வெளிப்பக்கம் திருப்பிவிடுவது. அவர் ஒரு அடி வெளியே வைத்து உள்ளே வெட்டினால் குவார்ட்டர்பேக்கிடம் நேர்வழி. உங்கள் முதுகு குவார்ட்டர்பேக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். எதிராளியின் உள்தோளுக்கு நேராக உங்கள் மூக்கை வையுங்கள். மூன்றாவது, தலையை முன்னால் நீட்டிப் பாய்வது. தலை போகும் இடத்துக்கு எடையும் போகும், எதிராளி கையைத் தட்டிவிட்டு நகர்ந்தால் விழுவது நீங்கள்தான்.

கைகளை நீட்டி, உள்ளங்கை விரித்துத் தடுக்க 1978 விதிமாற்றம் அனுமதித்தது. இன்றைய பாஸ் தடுப்பு (பந்தை எறியும் ஆட்டத்தில் தடுப்பது) முழுவதும் அதன்மேல் எழுந்தது. முழங்கை விலாவோடு ஒட்டி, கட்டைவிரல் மேல்நோக்கி, உள்ளங்கையின் அடிப்பகுதி எதிராளியின் மார்புக் கவசத்தில் படவேண்டும். இரு கைகளையும் எப்போதும் ஒன்றாக வீசாதீர்கள். ஒரே தட்டலில் இரண்டும் போய்விடும். பிடி உடலின் அகலத்துக்குள் இருக்கும்வரை நடுவர் பெரும்பாலும் விட்டுவிடுவார். தோளுக்கு வெளியே துணியை இழுத்தால் ஹோல்டிங், 10 கெஜம் பின்னால். எதிராளி முழு எடையோடு தள்ளும்போது, ஒரு சிறு துள்ளலில் இரு பாதங்களையும் பின்னுக்கு ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, அவரை அடியிலிருந்து தூக்குவதுபோல் நில்லுங்கள். பலம் உண்மையில் பயன்படும் இடம் இது.

பந்து நகரும் முன் அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 கெஜம். எதிரணி மைதானத்தின் இரைச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது. அப்போது கார்ட் பின்னால் திரும்பிப் பார்த்து சென்டரைத் தட்டுவார், அதன்பின் பந்து வரும். அந்தத் தாளத்தை ஐந்து பேரும் சேர்ந்தே பழக வேண்டும்.

ஓட்டத் தடுப்பு இதைவிட எளிது: முதல் அடி சிறிதாக, இரண்டாவது அடி எதிராளி தன் முதல் அடியை முடிக்கும் முன் தரையில்.

வேலை நிலைப்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. அணியில் 53 பேர். ஆட்ட நாள் பட்டியலில் குறைந்தது எட்டு ஆஃபென்சிவ் லைன்மேன்கள் இருந்தால்தான் 48 பேரைக் களத்துக்குத் தயாராக வைக்கலாம். ஐந்து பேர் தொடங்குகிறார்கள் என்றால், மீதி மூவர் ஐந்து இடங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் கார்ட் ஆடுபவர் தினமும் 50 முறையாவது பந்தைப் பின்னால் தரப் பழகுவது காப்பீடு மாதிரி. இடப்பக்கம் ஆடுபவர் வலப்பக்கக் காலடியையும் பழக வேண்டும். எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாகும். சில வாரங்கள் இடுப்பு ஒத்துழைக்காது, அதை எதிர்பார்த்தே தொடங்குங்கள்.

உள்ளே நுழையும் வழி கல்லூரி. பள்ளி முடிந்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின்தான் டிராஃப்டுக்குத் தகுதி. இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்ற தேர்வுச் சோதனையில் 102 கிலோ பெஞ்ச் பிரஸ், 40 கெஜ ஓட்டம், தாவல்கள், திசைமாற்ற ஓட்டங்கள் எல்லாம் உண்டு. 40 கெஜத்தில் முதல் 10-தான் லைன்மேனுக்கு முக்கியம். டிராஃப்டின் ஏழு சுற்றுகளில் கடைசியில் வந்தாலும், பெயரே வராவிட்டாலும் கதவு மூடுவதில்லை. ஜேசன் கெல்ஸி 2011-இல் ஆறாம் சுற்றில் வந்து 13 சீசன் சென்டராக ஆடினார். ஆஸ்திரேலிய ரக்பி லீக்கிலிருந்து வந்த ஜோர்டன் மைலாட்டா 2018-இல் ஏழாம் சுற்றில் 233-வது ஆள், பிறகு ஈகிள்ஸ் அணியின் இடது டேக்கிள். ஜேசன் பீட்டர்ஸை 2004-இல் யாருமே எடுக்கவில்லை. 41 வயதிலும் களத்தில் இருந்தார்.

டிராஃப்டில் வந்தவரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்று என்றால் ஐந்தாம் ஆண்டை அணி நீட்டிக்கலாம். 2025-இல் புதியவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர். ஒப்பந்தத்தில் பெரிய மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். உத்தரவாதம் தரப்பட்ட தொகையைப் படியுங்கள். மீதி, அணி உங்களை விடுவிக்கும் நாளில் மறைந்துவிடும். முகவரின் பங்கு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஆட்டக்காரர் சங்க விதி.

ஓய்வையும் ஆடும்போதே திட்டமிட வேண்டும். தொடர்ந்து 10,363 ஸ்னாப்கள் (சென்டர் பந்தைப் பின்னால் தந்து தொடங்கும் ஒவ்வொரு ஆட்டத் துண்டும் ஒரு ஸ்னாப்) ஆடிய ஜோ தாமஸ், 2017-இல் கைத்தசை கிழிந்து நின்ற பிறகு, 20 கிலோவுக்கு மேல் குறைத்தார். எடையைக் காக்கவே உண்ட கூடுதல் வேளைகளை முதல் வாரமே நிறுத்துங்கள். ஓட்டத்துக்குப் பதில் நீச்சல், சைக்கிள். முழங்கால் அதைத் தாங்கும். அணியை விட்டு வெளியேறும் முன் முழங்கால், முதுகு, தோள் ஆகியவற்றின் ஸ்கேன் முடிவுகளையும் தலைக்காயப் பதிவுகளையும் பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஊனப் பலன் கேட்டு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்கள்தான்.