அசை பிரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெண்பாவில் எழுத்துகள் சேர்ந்து அசை, அசைகள் சேர்ந்து சீர், சீர்கள் சேர்ந்து அடி. அதை எழுதத் தொடங்குவோர் குறில் நெடிலில் அதிகம் தவறுவதில்லை. அடி சறுக்குவது வேறிடங்களில்.

பேச்சின் அசையைச் செய்யுளில் எண்ணுவது

பேச்சொலியில் ஓர் உயிருக்கு ஓர் அசை. 'கடல்', 'பாடல்' இரண்டிலும் இரண்டிரண்டு. யாப்பில் அப்படியல்ல. பின்னால் உயிர்மெய் இருந்தால் முதற்குறில் தனியே நிற்காது, அதையும் சேர்த்துக்கொள்ளும். அப்படிச் சேர்ந்த அசை நிரை, தனியே நிற்பது நேர்; மெய் கணக்கில் வராது. ஆகவே 'கடல்' ஒரே நிரை; 'பாடல்' பா/டல், நேர் நேர்.

எழுத்தின் இடைவெளியை நம்புவது

எத்தனை முறை திருத்தினாலும் திரும்பி வரும் பிழை இது. உண்மையிலேயே எரிச்சலூட்டுவதும் இதுதான். 'காற்று அடித்தது' என்று எழுதி, காற்/று தேமா (நேர் நேர்), அடித்/தது கருவிளம் (நிரை நிரை), மாச்சீரை அடுத்து நிரை வந்துவிட்டது, தளை (சீரோடு சீர் இணையும் முறை) சரி என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். வாய்விட்டுப் படித்தால்? குற்றியலுகரம் (சொல்லீற்றில் குறுகி ஒலிக்கும் உகரம்) உயிர்முன் கெட்டு 'காற்றடித்தது' ஆகிறது. காற்/றடித்/தது: நேர் நிரை நிரை, கூவிளங்கனி. நாற்சீரடி முச்சீராகக் குறைகிறது. போதாததற்கு வெண்பாவில் வரவே கூடாத கனிச்சீர் (நிரையில் முடியும் மூவசைச் சீர்) நுழைகிறது. ஒரு சொல்லால் அடி முழுதும் பாழ். இடைவெளியை வைத்துச் சீர் பிரிக்கும் மென்பொருளும் இதைக் காட்டிக்கொடுக்காது.

திருத்த இரண்டு வழி. அடுத்த சீரை மெய்யில் தொடங்கலாம்: 'காற்று முறித்தது', தேமா கருவிளம். அல்லது புணர்ச்சியை ஏற்று 'காற்றடிக்க' என ஒரே சீராக்கலாம். அது கூவிளங்காய் (நேர் நிரை நேர்), காய்ச்சீர் என்பதால் அடுத்த சீர் நேரில் தொடங்க வேண்டும், குறைந்த சீருக்கு வேறு சொல் தேட வேண்டும். கு, சு, டு, து, பு, று என முடியும் சொல்லை அடுத்து உயிரெழுத்து வந்தாலே சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். காதுதான் கடைசி நீதிபதி. ஏட்டில் விட்ட இடைவெளி அல்ல.

ஐகாரம்

சீரின் முதலில் இல்லாத ஐகாரத்தைக் குறிலாகக் கொள்க. 'பார்வையினால்' பார்/வையி/னால், கூவிளங்காய். 'வை'யை நெடிலாகப் பிரித்தால் பார்/வை/யினால், தேமாங்கனி.

ஈற்றுச்சீர்

வெண்பாவின் கடைசிச் சீராக வரும்போது 'பசு' காசு (நேரோடு குற்றியலுகரம்) அல்ல, மலர் (நிரை). அதற்கு முந்திய சீர் மாச்சீராகவே இருக்க வேண்டும்.

ஒற்று

மெய்யெழுத்து எத்தனை வந்தாலும் முந்தைய அசையோடு சேரும்: வாழ்த்/து.