பூட்டிய ஆய்வகமும் ஓடும் கடிகாரமும்: இளம் துப்பறிவாளர் எபிசோடு எழுதுவது எப்படி?

பிள்ளைகள் மூன்று நாலு பேர் சேர்ந்து மர்மத்தைத் துலக்கும் டிவி தொடருக்குக் கதை எழுத உட்கார்ந்தால், முதலில் வந்து நிற்பவை பழைய டெம்ப்ளேட்கள்தான். பேய் வேஷம், எதையும் நம்பாத பெரியவர்கள், ரகசிய இடத்தில் கூட்டம், பயந்தாங்கொள்ளி நண்பன், கடைசியில் முகமூடியைக் கழற்றுவது. இதையெல்லாம் தவிர்த்துவிடுங்கள் என்றுதான் வழக்கமாக அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு டெம்ப்ளேட்டும் ஒரு கதைச் சிக்கலுக்கு யாரோ கண்டுபிடித்த விடை. அந்தச் சிக்கல் எதுவென்று புரிந்துவிட்டால், பழைய விடையையே எடுத்துக்கொள்வதா, புதிதாக ஒன்று யோசிப்பதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒன்லைன் (கதையை ஒரே வரியில் சொல்வது), சீன் ஆர்டர் (காட்சிகளின் வரிசை) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் நேரே வேலைக்குப் போகிறேன். அரை மணி நேர ஸ்லாட், விளம்பரம் போகச் சுமார் 22 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்வோம்.

படி 1: குற்றவாளியின் கதையை முதலில் எழுதுங்கள்

பிள்ளைகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உண்மையில் என்ன நடந்தது என்பதைக் குற்றவாளி பக்கம் நின்று தேதிவாரியாக எழுதுங்கள்.

இந்தப் பதிவு முழுக்க ஒரே உதாரணத்தைப் பயன்படுத்துகிறேன். ஒரு பள்ளியின் பழைய ஆய்வகம் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இரவில் அங்கே வெளிச்சம் தெரிகிறது, வெள்ளையாக ஏதோ நடமாடுகிறது என்று பேச்சு. நடப்பது இதுதான்: ஆய்வக உதவியாளர் உள்ளே இருக்கும் பழைய பித்தளை மைக்ராஸ்கோப்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் விற்கிறார். யாரும் அந்தப் பக்கம் வராமல் இருக்கப் பேய்க்கதையைக் கிளப்பிவிட்டதும் அவர்தான்.

சாவி அவருக்கு எப்படிக் கிடைத்தது? எந்த ராத்திரி எதை எடுத்தார்? புரளி எப்போது கிளம்பியது? இதையெல்லாம் ஒரு அட்டவணையில் போடுங்கள். மூன்று நெடுவரிசைகள் போதும்: நேரம், உண்மையில் நடந்தது, பிள்ளைகளுக்குத் தெரிந்தது. திரைக்கதை மென்பொருளை இந்தக் கட்டத்தில் திறக்கவே வேண்டாம். அதைத் திறந்ததும் கை வசனத்துக்குப் போய்விடும். எனக்குப் பிடித்தது லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருள். காசு கொடுக்க வேண்டியதில்லை, வரிசையை மேலே கீழே நகர்த்துவது சுலபம்.

பேய் டெம்ப்ளேட் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்று இங்கேயே பார்த்துவிடலாம். 1969-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் தொடங்கிய ஸ்கூபி-டூ கார்ட்டூன் தொடர் இதை வைத்தே எபிசோடு எபிசோடாக ஓடியது. ஆட்களை ஒதுக்கி வைக்கக் குற்றவாளிக்கு ஒரு வழி வேண்டும். போலீஸ் சிரித்துவிட்டுப் போகிற ஒரு கேஸ் பிள்ளைகளுக்கு வேண்டும். பேய் இரண்டையும் ஒரே அடியில் முடித்துக் கொடுக்கிறது. அதனால் உங்கள் கதையில் பேய் வந்தால், அதனால் குற்றவாளிக்கு என்ன லாபம் என்று ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையென்றால் பேயை எடுத்துவிடுங்கள்.

படி 2: "பெரியவங்ககிட்ட சொல்லவேண்டியதுதானே?"

பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி இது. விடை இல்லாமல் கதை நகராது. பெரியவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று காட்டுவது மிகச் சோம்பலான விடை. பிள்ளைகளுக்கே அது பிடிப்பதில்லை.

நல்ல விடைகள் ஏற்கனவே உண்டு. எரிஷ் கேஸ்ட்னர் 1929-இல் எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்' நாவலில், ரயிலில் பணத்தைப் பறிகொடுத்த சிறுவன் போலீஸிடம் போவதில்லை. ஊரில் ஒரு சிலைக்கு மூக்கும் மீசையும் வரைந்து வைத்தவன் அவன். போனால் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று பயம். சின்னக் குறும்பு ஒன்று கதை முழுவதையும் தாங்குகிறது. 1996 முதல் டிவியில் வரும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் டிடெக்டிவ் கோனான் வேறு வழி பிடித்தது. சிறுவன் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால், பெரியவர் ஒருவரை மயக்க ஊசியால் தூங்கவைத்து, குரல் மாற்றும் கருவியை வைத்துக்கொண்டு அவர் பேசுவதுபோலவே வழக்கை விளக்குகிறான். சிக்கலையே தொடரின் அடையாளமாக மாற்றிக்கொண்டார்கள்.

நம் ஆய்வகக் கதையில் பிள்ளைகள் தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுகிறார்கள். அவரும் நம்புகிறார். உடனே நம்பிக்கையான ஆளைக் கூப்பிட்டு, "போய்ப் பார்த்துட்டு வாங்க" என்கிறார். அந்த ஆள் நம்முடைய ஆய்வக உதவியாளர். திரும்பி வந்து "ஒண்ணுமில்ல சார், எலிதான்" என்கிறார். தலைமையாசிரியர் செய்தது முழுக்கச் சரி, பிள்ளைகளுக்கோ கதவு அடைபட்டுவிட்டது. இப்படி ஒரு விடை கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: குழு

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். மூளைக்கார ஒருத்தி, தைரியசாலி ஒருவன், சிரிக்கவைக்கும் ஒருவன் என்று பிரிப்பதற்குப் பதிலாக, யார் எதைக் கவனிப்பார்கள் என்று பிரியுங்கள். நம் கதையில் மீரா ஆட்களின் பேச்சைக் கவனிப்பவள். கவின் பொருள்களைக் கவனிப்பவன். சின்னவன் பாரிக்கு எப்போதும் வீட்டுக்குப் போகும் நேரம்தான் கவலை. யாரையாவது எடுத்துவிட்டாலும் மர்மம் அவிழ்கிறதா? அப்படியானால் அவரை இன்னொருவரோடு சேர்த்துவிடுங்கள். நாய் வேண்டுமா என்றால், என் ஓட்டு வேண்டாம் என்பதற்கே. நாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தால் பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போகிறது.

படி 4: துப்பை ஒளித்து வைப்பது

இந்த வகை எழுத்தில் என்னை ரொம்ப நாள் நகரவிடாமல் வைத்திருந்த இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1929-இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். துப்பறிவாளர் கையில் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைத்தாக வேண்டும், குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும் என்பவை அதில் உண்டு. நியாயமான விதிகள். ஆனால் நாவலில் ஒரு நீண்ட வாக்கியத்துக்கு நடுவே தடயத்தைச் செருகிவிடலாம். டிவியில் கேமரா ஒரு பொருளைத் தனியாகக் காட்டினாலே, "ஓ, இதுதான் விஷயம்" என்று வீட்டில் சோபாவில் இருப்பவர் சொல்லிவிடுவார். நாற்றம், வாசனை மாதிரி தடயங்களும் டிவியில் எடுபடாது. கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும்தான் நமக்குக் கிடைத்தவை.

வழி இதுதான்: துப்பை இரண்டாக உடையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பாதியும் துப்பாகவே தெரியக்கூடாது.

முதல் பாதி: எபிசோடின் தொடக்கத்தில் தலைமையாசிரியர் அறையில் பிள்ளைகள் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் ஆய்வக உதவியாளர் ஸ்டூல் மேல் ஏறிச் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார். "திங்கக்கிழமைன்னா என் கை சும்மா இருக்காது தம்பி" என்று சிரிக்கிறார். நல்ல மனிதர், கலகலப்பான மனிதர் என்று மனதில் பதிகிறது. அவ்வளவுதான்.

இரண்டாம் பாதி: பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பூட்டிய ஆய்வகத்துக்குள் இறங்குகிறார்கள். இந்த ரகசியத்தை கவின் வேறு யாரிடமோ உளறிவிட்டான் என்று மீராவுக்குக் கோபம். சண்டை உச்சத்தில் இருக்கும்போது பாரி மேலே பார்த்துவிட்டு, "ஆறேகால் ஆயிடுச்சு, அம்மா தேடுவாங்க, நான் போறேன்" என்கிறான். உடனே வெளியே காலடிச் சத்தம். மூவரும் மேஜைக்கு அடியில்.

இரண்டு வருடமாகப் பூட்டிய அறையில் கடிகாரம் எப்படிச் சரியான நேரம் காட்டும்? சாவி கொடுக்கும் பழைய ஊசல் கடிகாரங்கள் பலவும் ஒருமுறை முறுக்கினால் எட்டு நாள் போல ஓடும். அப்படியானால் இந்த வாரத்தில் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். வந்தவர் நின்றுபோன கடிகாரத்தைச் சகித்துக்கொள்ள முடியாதவர். மைக்ராஸ்கோப் எடுக்க வந்த இடத்தில், யோசிக்காமல், பழக்கத்தில் கை போய்ச் சாவி கொடுத்துவிட்டது.

அந்தச் சீனில் ஒளிக்கும் வேலையைச் செய்வது எது என்று பாருங்கள். பாரியின் வசனத்துக்கு வேறு வேலை இருக்கிறது: சண்டையை நிறுத்துகிறது, அவன் குணத்தைக் காட்டுகிறது. கடிகாரத்துக்குத் தனி குளோசப் இல்லை. மீராவின் கோபமான முகம் இருக்கும் அதே ஃபிரேமில், தலைக்கு மேலே மங்கலாக இருக்கிறது. துப்பு வந்த மறுநொடி காலடிச் சத்தம் வந்து, யோசிக்க நேரம் கொடுக்காமல் கவனத்தைப் பறித்துக்கொண்டு போகிறது.

திரைக்கதையில் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். "சுவரில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம்" என்று தனி வரியாக எழுதினால் படிக்கிறவருக்கே தெரிந்துவிடும். "தூசி படிந்த ஸ்டூல்கள், சுவரில் டிக் டிக் என்று கடிகாரம், உடைந்த பீக்கர்" என்று மூன்றில் நடுவில் வையுங்கள். டிக் டிக் ஒலியை மட்டும் எழுத்தில் விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால் படப்பிடிப்பில் ஓடாத கடிகாரத்தை மாட்டிவிடுவார்கள், மொத்தக் கதையும் போச்சு.

படி 5: சந்தேகத்தைத் திருப்பும் ஆள்

நம் கதையில் புது இரவுக் காவலர். ராத்திரி எங்கே இருந்தார் என்று கேட்டால் பொய் சொல்கிறார். இவரைச் சும்மா முறைத்துப் பார்க்கவைத்துவிட்டுக் கடைசியில் கைகழுவுவது பார்ப்பவரை ஏமாற்றுவது. அவருக்கென்று உண்மையான ரகசியம் ஒன்று வேண்டும். வேலை நேரத்தில் ஒளிந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார், தெரிந்தால் வேலை போய்விடும். அது வெளிப்படும்போது பிள்ளைகளுக்குக் குற்ற உணர்வு வர வேண்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்கும் சின்னச் சீன் ஒன்றை நான் கட்டாயம் வைப்பேன். பெரும்பாலான எபிசோடுகளில் இது காணாமல் போவது எனக்கு வருத்தம்.

படி 6: இடைவேளை

ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்னும் கேள்வி மாற வேண்டும், சத்தம் கூடினால் மட்டும் போதாது. "பேய் இருக்கிறதா?" என்பது "யார் உள்ளே வருகிறார்கள்?" என்று ஆகட்டும். பிறகு "காவலர் இல்லையென்றால் யார்?" என்று ஆகட்டும்.

சீசன் முழுக்க ஓடும் பெரிய மர்மம் வேண்டும் என்பவர்கள் 2004-இல் தொடங்கிய வெரோனிகா மார்ஸ் என்ற அமெரிக்க டிவி தொடரின் முதல் சீசனைப் பார்க்கலாம். தோழியின் கொலை பின்னால் ஓடிக்கொண்டே இருக்க, வாராவாரம் தனித்தனி வழக்குகள் முடிகின்றன. ஆனால் முதல் முயற்சிக்குத் தனி எபிசோடே நல்லது.

படி 7: முடிச்சை அவிழ்ப்பது

விளக்கச் சீனில் பழைய காட்சிகளை மீண்டும் காட்டுவார்கள். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: முன்பு காட்டிய அதே ஷாட்தான் வர வேண்டும். அதே சம்பவத்தைப் புதுக் கோணத்தில் எடுத்து, அப்போது காட்டாத பொருளை இப்போது காட்டுவது கள்ளாட்டம். மீராவின் கோபமான முகம், மேலே கடிகாரம், அதே ஃபிரேம். இம்முறை பார்ப்பவரின் கண் தானாக மேலே போகும்.

பேச்சைக் குறைத்துவிடுங்கள். ஆய்வக உதவியாளரை எதிரில் வைத்துக்கொண்டு கவின் நீளமாகப் பேச வேண்டியதில்லை. "அண்ணா, பழைய லேப் கடிகாரத்துக்கு யார் சாவி கொடுக்கறது?" என்று பாரி வெள்ளந்தியாகக் கேட்கட்டும். "நான்தான், வேற யாரு" என்று வாயில் வந்துவிட்ட பிறகு அவர் முகம் மாறட்டும்.

நேரக் கணக்கு பற்றி ஒன்று. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற விதி, கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் அடித்த ஆங்கிலத் திரைக்கதைக்கு உண்டானது. தமிழில் எழுத்துருவுக்கு எழுத்துரு பக்கம் மாறும், அதை நம்பாதீர்கள். வசனத்தை வாய்விட்டுப் படித்து ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். மென்பொருள் என்றால் என் தேர்வு ஃபவுண்டன் முறை, அதாவது எளிய குறிகளை வைத்துத் திரைக்கதையை எழுதுவது. சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான், எந்த எடிட்டரிலும் திறக்கும், தமிழும் தொல்லை தராது.

பிற்சேர்க்கை: பதிவைப் படித்துவிட்டு அதிகம் பேர் கேட்டது கைப்பேசி பற்றி. ஆய்வகத்துக்குள் போனதும் படம் எடுத்து அனுப்பிவிட்டால் கதை முடிந்ததே என்கிறார்கள். சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை என்று தப்பிக்காதீர்கள். எடுக்கட்டும், அனுப்பட்டும். படத்தில் தூசி படிந்த காலி அறைதான் தெரியும். கடிகாரம் ஓடுகிறதா நின்றதா என்று புகைப்படம் சொல்லாது. கவின் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அதில் பதிவான நேரத்தோடு கடிகார முள்ளை ஒப்பிடும் இடத்தையே முடிச்சு அவிழும் தருணமாக வைக்கலாம்.

இன்னொருவர், படித்துக் காட்டியபோது தம்பி கடிகாரத்தை உடனே பிடித்துவிட்டான் என்று எழுதியிருந்தார். அவர் அனுப்பிய வரைவில் இரண்டு பாதிகளும் அடுத்தடுத்த சீன்களில் இருந்தன. நடுவில் குறைந்தது ஒரு இடைவேளையாவது வரட்டும், அந்த இடத்தில் காவலரின் பொய்யை வையுங்கள். அப்போதும் பிடித்துவிட்டால் பாரியின் வசனத்திலிருந்து "ஆறேகால்" என்பதை எடுத்துவிட்டு, அவன் மேலே பார்ப்பதை மட்டும் வைத்துப் படித்துக் காட்டுங்கள்.