மாங்கூழ் டின் எடைக்கு கன்ட்ரோல் சார்ட் போடுவது எப்படி

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகளில் சீசன் உச்சத்தில் லாரி லாரியாகப் பெங்களூரா மாம்பழம் வந்து இறங்கும்போது யாருக்கும் நிற்க நேரம் இருக்காது, அந்த அவசரத்தில் எடை பார்ப்பவர் ஒரு டின் 3,098 கிராம் காட்டினால் ஃபில்லரை (டின்னில் கூழ் நிரப்பும் இயந்திரம்) கூட்டுவார், அடுத்தது 3,125 வந்தால் குறைப்பார். முதலில் இதை நிறுத்துங்கள். இயல்பாகவே வருகிற சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் திருகைத் திருப்பினால் ஏற்ற இறக்கம் கூடத்தான் செய்யும். எப்போது கை வைக்கலாம், எப்போது சும்மா இருக்கலாம் என்று காட்டத்தான் அமெரிக்காவின் வால்டர் ஷூஹார்ட் 1924ல் கன்ட்ரோல் சார்ட் என்ற இந்த வரைபடத்தைக் கொண்டுவந்தார். ஒரு கிராஃப் நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

நிகர எடை 3,100 கிராம் போட்ட பெரிய டின் என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு ஒருமுறை, ஒரே நாசிலில் (கூழ் இறங்கும் குழாய் முனை) அடுத்தடுத்து நிரம்பும் 5 டின்களை எடுங்கள். காலி டின்னை முன்கூட்டியே எடை போட்டு வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். நாசிலுக்கு ஒன்றாக எடுத்தால் நாசில்களுக்கு இடையிலான வித்தியாசம் அந்த ஐந்து டின்னின் எடை வித்தியாசத்துக்குள் ஒளிந்துகொள்ளும், சார்ட்டின் மேல், கீழ் எல்லைக் கோடுகளுக்கு நடுவே இடைவெளி அகலமாகிவிடும், எந்தக் கோளாறும் கண்ணில் படாது.

ஒவ்வொரு ஐந்துக்கும் சராசரியையும் வீச்சையும் (பெரிய எடையில் சின்னதைக் கழித்தால் வருவது) எழுதுங்கள். இப்படி 20, 25 குழு சேரட்டும். மொத்தச் சராசரி 3,112, சராசரி வீச்சு 14 கிராம் வந்தது என்றால், ஐந்து டின் குழுவுக்கு உரிய மாறாத எண் 0.577, அதை 14ஆல் பெருக்கினால் 8.1. இதை 3,112உடன் கூட்டினால் மேல் கோடு 3,120.1, அதிலிருந்து கழித்தால் கீழ்க் கோடு 3,103.9. வீச்சுக்குத் தனி சார்ட்: 14 × 2.114 (இதுவும் ஐந்து டின் குழுவுக்கான மாறாத எண்), அதாவது 29.6 மேல் கோடு, கீழே பூஜ்யம். வீச்சு சார்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அது நிலையாக இல்லை என்றால் சராசரிக் கோடுகளை நம்ப முடியாது.

இந்த சார்ட்டில் 3,100 என்று கோடு போடவே போடாதீர்கள். சார்ட்டில் இருப்பது ஐந்து டின்னின் சராசரி, 3,100 என்பது தனி டின்னுக்கான கணக்கு. 14ஐ 2.326ஆல் (இன்னொரு மாறாத எண்) வகுத்தால் திட்ட விலக்கம், அதாவது தனி டின்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, சுமார் 6 கிராம்; ஏறக்குறைய எல்லா டின்னும் அதன் மூன்று மடங்குக்குள் அடங்கும், அது 18. ஆக சார்ட் அமைதியாக இருக்கும்போதே ஒரு டின் 3,094 வரை இறங்கலாம்! உடனே சராசரியை 3,118க்கு ஏற்றுவது சுலபம், ஆனால் ஒவ்வொரு டின்னிலும் 6 கிராம் கூழ் கூடுதலாகப் போகும். அதற்குப் பதில் சொட்டும் நாசில், கூழில் சேரும் காற்று, ஹாப்பரில் (ஃபில்லருக்குக் கூழ் தரும் தொட்டி) கூழின் மட்டம் இதையெல்லாம் பாருங்கள். வீச்சு 7 ஆனால் அந்த 18ம் பாதியாகி 9 ஆகும், சராசரியை 3,109லேயே நிறுத்தலாம். லாபம் இங்கேதான் இருக்கிறது.

சரி, எப்போது கை வைப்பது? ஒரு புள்ளி கோட்டைத் தாண்டினால், அல்லது நடுக்கோட்டின் ஒரே பக்கம் தொடர்ந்து 8 புள்ளி விழுந்தால். அப்போது புள்ளிக்குப் பக்கத்திலேயே "ஷிப்ட் மாறியது", "நாசில் கழுவியது" என்று எழுதிவிடுங்கள், சாயங்காலம் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அப்புறம், கோடுகளைத் தினமும் புதிதாகக் கணக்குப் போடக் கூடாது, போட்டால் கோளாறோடு சேர்ந்து கோடும் நகர்ந்துவிடும். நாசில் மாற்றினாலோ, அல்போன்சா முடிந்து பெங்களூரா ஏறினாலோ மட்டும் மறுபடி 20 குழு எடுத்து வரையுங்கள்.