ஒரு நாளைக்கு இரண்டு ஆலை போதும்

வார இறுதியில் ஒயின், பீர், விஸ்கி ஆலைகளைச் சுற்றப் போகிறீர்களா? முதலில் வண்டி ஓட்டுபவர் யார் என்று முடிவு செய்யுங்கள். அவர் ஒரு துளிகூடக் குடிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் நான் போகவே மாட்டேன், நாக்கு மரத்துப்போகும்.

ஒயினுக்கு அறுவடைக் காலம்தான் அழகு. வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. கூட்டம் இருக்கும், முன்பதிவு செய்துவிடுங்கள். வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்கு வாருங்கள். சுவைத்ததும் துப்பலாம், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். அப்புறம் மாலையில் பீர், சின்னக் கோப்பைகளில்.

விஸ்கி வடிசாலை மறுநாளைக்கு. செம்புக் கலத்தில் முதலில் வடிவதையும் கடைசியில் வடிவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் பீப்பாயில் நிரப்புவார்கள். வடிவதில் எந்தக் கட்டத்தில் பிரிக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அந்த விஸ்கியின் குணத்தில் அதற்கும் பங்கு உண்டு.