நிலாவின் சூட்டை மணலில் காட்டுவது எப்படி?

ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் ஊரில் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்போம். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 போனதையும் அப்படித்தான் பார்த்தோம். ஆனால் அது நிலாவில் என்ன கண்டறிந்தது என்று கேட்டால் பலருக்கும் தெரியவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால் தெருவில் உள்ளவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். நீங்களும் செய்யலாம்.

முதலில், எல்லாவற்றையும் சொல்ல ஆசைப்படாதீர்கள். ஒன்றே ஒன்றை எடுங்கள். நான் எடுத்தது, சந்திரயான்-3இலிருந்து நிலாவில் தரையிறங்கிய விக்ரம் லேண்டர் நிலாமண்ணில் இறக்கிய வெப்பமானி. ஊசி மாதிரி ஒரு குழல், அதில் 10 சென்சார்கள். மேலே மண் கொதிக்கிறது. வெறும் 8 சென்டிமீட்டர் கீழே சுமார் மைனஸ் 10 டிகிரி.

அப்புறம், கேட்பவரின் கைக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தேடுங்கள். ஒரு ஞாயிறு மதியம் மணலிலேயே கூடினோம். செருப்பைக் கழற்றச் சொன்னேன். ஒரு நொடிகூட நிற்க முடியவில்லை. அதே இடத்தில் ஒரு சாண் தோண்டிக் கைவைக்கச் சொன்னேன். ஜில்லென்று இருந்தது.

ஒப்புமை எங்கே பொருந்தாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். நம் மணல் கீழே குளிர்ந்திருக்க ஈரமும் ஒரு காரணம். அங்கே அந்த ஈரம் இல்லை, காற்றும் இல்லை. துகள்களுக்கு நடுவே வெற்றிடம், அதனால் சூடு எளிதில் கீழே இறங்குவதில்லை.

காரணத்தை உடனே சொல்லாமல் அவர்களிடமே கேளுங்கள். விக்ரம் நின்ற இடத்தில் பகல் வெப்பம் 82 டிகிரி வரை போனது என்று 2025இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. எதிர்பார்த்ததைவிடச் சுமார் 25 டிகிரி அதிகம். ஒரு மீட்டர் தள்ளிச் சமதரையிலோ 60ஐ ஒட்டித்தான். ஏன் என்றேன். கருவாடு போடும் அக்கா யோசிக்கவே இல்லை: "வெயில் பாத்த சரிவுல நின்னிருக்கும் தம்பி. மேட்டுல அந்தப் பக்கம் போட்ட மீன்தானே முதல்ல காயும்?" கட்டுரை சொன்ன காரணமும் அதேதான்: சூரியனை நோக்கி 6 டிகிரி சரிவு.

ரொம்ப முக்கியம், 'லாம்' என்ற விகுதியைக் காப்பாற்றுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி, துருவத்தைப் பார்த்து 14 டிகிரிக்கு மேல் சரிந்த இடங்களில் மேல்மண்ணுக்கு அருகிலேயே பனிக்கட்டி இருக்கலாம் என்றுதான் கட்டுரை சொல்கிறது. 'இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் அது பொய். அவர்கள் வீட்டுக்குப் போய் அந்தப் பொய்யைத்தான் சொல்வார்கள்.

கடைசியாக, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே நாம் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். மறுநாள் காலை அந்த அக்கா மண்மேட்டில் மீன் பரப்பிக்கொண்டே பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தப் பக்கம் விக்ரம் நின்னுச்சு. அந்தப் பக்கம் மாதிரி இடத்துல ஐஸ் இருக்கலாமாம். இன்னும் பாக்கல."