வேக எல்லையை உயர்த்தும் பேச்சில் நாம் விடும் பிழைகள்

காபட் போட்ட கந்தளாய் வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றர் என்ற எல்லை பல சாரதிகளுக்கு எரிச்சல். "இவ்வளவு நல்ல றோட்டுக்கு 90 குடுத்தால் என்ன?" என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். பதில் தேடும்போதுதான் பிழை விடுகிறோம்.

"எல்லாரும் இப்பவே 80இல்தான் ஓடுகினம், பலகையை மட்டும் மாற்றினால் போதும்" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். பலகை 80 ஆனால், 80இல் ஓடியவர் அங்கேயே நிற்பதில்லை. எல்லை உயர்ந்த அளவுக்குச் சராசரி வேகம் உயராது, ஆனாலும் உயரும். சராசரி 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துகள் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும் என்பது வீதிப் பாதுகாப்பில் நெடுநாளாகப் பயன்படும் கணக்கு. அமெரிக்காவில் 55 மைலாக இருந்த எல்லையை 1987இல் கிராமப்புறப் பெருந்தெருக்களில் 65 ஆக்க அனுமதித்தபோது, அங்கே இறப்புகள் கூடின.

பிரேக்கை நம்புவது இதைவிட ஆபத்தான பிழை. காய்ந்த வீதி, நல்ல டயர், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வையுங்கள். 70இல் வரும் கார் நிற்க ஏறத்தாழ 56 மீற்றர் வேண்டும். 90இல் வந்தால் 82 மீற்றர். 70இல் வந்த கார் முழுதாக நின்றுவிடும் அதே இடத்தில், 90இல் வந்த கார் இன்னும் மணிக்கு 69 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். குறுக்கே நிற்பது மாடென்றாலும் பிள்ளையென்றாலும் கணக்கு ஒன்றுதான். மாரி மழையில் இந்தத் தூரம் இன்னும் நீளும்.

இரவில் டிம் லைற்றில் தெளிவாகத் தெரிவது 50 மீற்றர் சொச்சம். அதாவது 70கூட இருட்டில் அதிகம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் வீதி கடக்கும் யானையின் கண் நம் வெளிச்சத்துக்கு மேலே இருக்கும், அதனால் மின்னித் தெரியாது. கருந்தாரில் அதன் கால்கள் கிட்ட வந்த பிறகுதான் தெரியும்.

அதிவேக நெடுஞ்சாலையில் 100 சரியென்றால் இங்கே ஏன் கூடாது என்று ஒப்பிடுவதும் பொருந்தாது. அங்கே நடுவில் தடுப்பு, ஓரத்தில் வேலி. ஓட்டோ இல்லை, சைக்கிள் இல்லை. இங்கே 40இல் போகும் ஓட்டோவை 90இல் வரும் கார் விநாடிக்கு 14 மீற்றர் வீதம் நெருங்குகிறது. முந்தாமல் வழியில்லை, முந்தினால் எதிரே பஸ்.

இத்தனைக்கும் மிச்சமாவது என்ன? கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். வழி முழுக்க 70இல் ஓடினால் 34 நிமிடம், 90இல் 27. அதுவும் எங்கும் பிரேக் பிடிக்காமல் ஓடினால்தான்.

வேகம் கண்ணையும் ஏமாற்றும். ஒரு மணித்தியாலம் 90இல் வந்தவருக்கு, சீனக்குடா தாண்டி ஊருக்குள் நுழையும்போது 60கூட ஊர்ந்து போவதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் உணர்வை நம்பாமல் மீற்றரைப் பாருங்கள்.