முதல் நாள் முதல் காட்சி: கேபினுக்குப் புதிதாக வரும் தம்பிக்கு

நாளைக் காலை 9 மணிக்குப் பெரிய நடிகர் படம் என்றால், படம் ஓட்டும் ஆபரேட்டருக்கு இன்று சாயங்காலமே வேலை தொடங்கிவிடும். 1994இல் நான் கேபினுக்குள், அதாவது படம் ஓட்டும் அறைக்குள் வந்தேன். பாதிக்காலம் ஃபிலிம், மீதிக்காலம் டிஜிட்டல். ஒரே திரை உள்ள ஊர்த் தியேட்டர். இப்போது வேலைக்கு வரும் தம்பிகளுக்கு மெஷினை இயக்க ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். முதல் காட்சியை ஓட்டுவது வேறு வேலை. அதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. ரீல் ரீலாகத் தகரப் பெட்டியில் பஸ் ஏறி வரும். “பெட்டி வந்துருச்சாண்ணே?” என்று ராத்திரி முழுக்க வாசலில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இன்று வருவது ஒரு ஹார்ட் டிஸ்க். கேள்வி மட்டும் அதேதான். எங்கள் தியேட்டரில் டிஸ்க்குக்குப் பூ வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் மேலே கொண்டுவருவோம். இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளியானபோது, பம்பாயிலிருந்து வந்த படப்பெட்டியை வால்டாக்ஸ் சாலை நெடுகப் பூத்தூவி, தேங்காய் உடைத்து, ஊர்வலமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதனால் பூஜையை அவசரப்படுத்தாதீர்கள். சூடத் தட்டும் டிஸ்க் இருக்கும் தட்டும் வேறு வேறாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் கைக்கு வந்ததும் நேராக, படத்தை ஏற்றிவைத்து ஓட்டும் கம்ப்யூட்டரான சர்வரில் செருகுங்கள். “படம் இருக்கா பாத்துருவோம்” என்று ஆபீஸ் லேப்டாப்பில் யாரையும் செருக விடாதீர்கள். இந்த டிஸ்க்குகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் எழுதப்பட்டவை. விண்டோஸ் அதைப் படிக்கத் தெரியாமல், ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். பக்கத்து ஊர்த் தியேட்டர் ஒன்றுக்கு நான் மாற்று ஆளாகப் போயிருந்த ராத்திரி, அங்கிருந்த பையன் அந்தக் கேள்விக்கு ‘சரி’ என்று அழுத்திவிட்டான். அப்போது மணி 11. கோயம்புத்தூரிலிருந்து இன்னொரு டிஸ்க் பைக்கில் வந்து சேரும்போது விடிகாலை 4. அதுவரை அந்தப் பையன் கேபின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவனுக்கு யார் சொன்னார்கள்?

150 ஜிபி படத்தை யூஎஸ்பி 2.0 வழியாக ஏற்றினால் ஒன்றரை மணி நேரம் போகும். ஏறி முடிந்ததும், கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று சர்வரையே சரிபார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

படம் ஏறிவிட்டது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. கேடிஎம் வேண்டும், கேபினில் ‘கீ’ என்போம். மெயிலில் வரும் சின்னக் கோப்புதான், ஆனால் அது இல்லாமல் ஒரு ஃபிரேம் கூடத் திரையில் விழாது. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல இதற்கும் பார்க்க வேண்டும். கீ உங்கள் சர்வருக்கென்றே வெட்டிய சாவி. போன மாதம் சர்வரை மாற்றிவிட்டு விநியோகஸ்தரிடம் சொல்லாமல் விட்டிருந்தால், பழைய சர்வரின் நம்பருக்குத்தான் கீ வரும், திறக்காது. அடுத்தது படத்தின் பதிப்பு. கடைசி நேரத்தில் இரண்டு நிமிடம் வெட்டிப் புதுப் பதிப்பு அனுப்பினால், பழைய கீயை வைத்து அதைத் திறக்க முடியாது. சப்டைட்டில் பதிப்பு தனியாக வந்தால், மூலப் பதிப்பும் சர்வரில் இருந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றினால் ஓடாது.

கீக்குத் தொடக்க நேரம், முடியும் நேரம் என்று உண்டு. அந்த நேரத்தில்தான் நான் வாழ்க்கையில் மறக்க முடியாத அடி வாங்கினேன். விடிகாலைக் காட்சிகள் நடந்த காலம். 5 மணிக் காட்சிக்கு ஆட்கள் 3 மணிக்கே வந்துவிட்டார்கள். கீ சர்வரில் ஏறியிருந்தது, படத்தின் பெயரும் சரியாக இருந்தது. 5 மணிக்கு பிளே அழுத்தினால் ஓட மறுக்கிறது. கீயைத் தயாரித்த இடத்தில் தொடக்க நேரத்தை நள்ளிரவு 12 என்று போட்டிருந்தார்கள், ஆனால் அது உலகப் பொது நேரம். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஆக, நம் ஊரில் அந்தக் கீ திறந்தது காலை 5.30க்கு. அந்த அரை மணி நேரம் கீழே நாற்காலியைத் தட்டிய சத்தம் கேபின் சுவரில் அதிர்ந்தது. இப்போது சிறப்பு அனுமதி வாங்கினாலும் 9 மணிக்குத்தான் முதல் காட்சி என்பதால் இந்த ஆபத்து குறைந்திருக்கிறது. இருந்தாலும் தொடக்க நேரம், முடியும் நேரம் இரண்டையும் பாருங்கள். சர்வர் கடிகாரத்தையும் பாருங்கள். அதை நம் இஷ்டத்துக்குத் தள்ளிவைக்க முடியாது, வருஷத்துக்கு 6 நிமிடம்தான் விடும். எல்லாவற்றையும் ராத்திரி 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். 8 மணிக்குப் போன் செய்தால் எடுக்க ஆள் இருக்கும். காலை 8.30க்கு எல்லாத் தியேட்டரும் அதே நம்பரைத்தான் அழைத்துக்கொண்டிருக்கும்.

புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸெனான் விளக்கு பழசாகிவிட்டால் நாலு நாள் முன்பே மாற்றுங்கள், கடைசி ராத்திரியில் வேண்டாம். முகம் முழுவதையும் மூடும் காப்புக் கவசம் போடாமல் அதைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் அதிகம், வெடித்தால் கண் போய்விடும். ஜெனரேட்டருக்கு டீசல், சர்வருக்கு யூபிஎஸ்.

பிளேலிஸ்ட்டைப் பொறுமையாகக் கட்டுங்கள். விளம்பரம் ஃபிளாட்டாக (அகலம் குறைவு) இருக்கும், படம் ஸ்கோப்பாக (அகலம் அதிகம்) இருக்கும். நடுவில் லென்ஸ் மாற்றும் கட்டளையை விட்டுவிட்டால் படம் திரைக்குப் பொருந்தாது. இடைவேளை எங்கே என்று குறித்துவையுங்கள். சில படம் ஒரே கோப்பாக வரும், சில படம் இரண்டு பாதியாக வரும். இரண்டு பாதி என்றால் கீயும் இரண்டு. முதல் பாதிக்கு மட்டும் கீயை வைத்துக்கொண்டு இடைவேளை விட்ட தியேட்டர்கள் உண்டு. கீ எப்போது திறக்கிறதோ அப்போதே ஆரம்பத்தில் 2 நிமிடம், இடைவேளைக்குப் பின் 2 நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அந்த நேரத்திலேயே சத்தத்தையும் வைத்துக்கொள்ளலாம். திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கர் சேனலும், சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் 7இல் இருக்கும்போது 85 டெசிபல் வரும்படி அமைத்திருப்பார்கள். நம் படங்களுக்கு அது பெரும்பாலும் அதிகம். எங்கள் ஹாலில் காலியாக இருக்கும்போது 5 சரியாக இருந்தால், நிரம்பியபின் 5.5 வைப்பேன், ஏனென்றால் ஆட்களும் துணிமணியும் சத்தத்தைக் குடித்துவிடும். ஹீரோ என்ட்ரியில் விசில் சத்தத்தில் வசனம் கேட்காது. அப்போது கை தானாக ஃபேடருக்குப் போகும். போக விடாதீர்கள். எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் கூட்டத்தை ஸ்பீக்கர் ஜெயிக்காது, கிழிவது ஸ்பீக்கர்தான்.

காலையில் 8 மணிக்கே ஸெனான் விளக்கை ஏற்றிச் சூடாக விடுங்கள். கீழே மேலாளர் அண்ணனிடம் கேட்டு, திரை மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துங்கள். வெள்ளைச் சுவர்போலத் தெரியும் அந்தத் திரையில் சத்தம் வெளியே வர ஆயிரக்கணக்கான ஊசித்துளை உண்டு. மேடையேறி ஆடும் ஒருவரின் மோதிரம் உரசினால் அந்தக் கோடு எல்லாப் படத்திலும் தெரியும். உள்ளே சூடம் ஏற்றப் பார்ப்பார்கள். அதற்கு மட்டும் இடமே கொடுக்கக் கூடாது. மணல் வாளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

9 மணி. விளக்குகளைப் பட்டென்று அணைக்காதீர்கள். எங்கள் தியேட்டரில் நான் மூன்று வரிசையாக அணைப்பேன்: முதலில் பக்கச் சுவர், பிறகு பால்கனி, கடைசியாகத் திரைக்கு மேலே உள்ளது. ஒவ்வொரு வரிசைக்கும் கூட்டத்தின் சத்தம் ஒரு படி ஏறும். தணிக்கைச் சான்றிதழ் திரையில் வரும்போது ஹால் முழு இருட்டாக இருக்க வேண்டும். பத்து விநாடி நிற்கும் அந்த வெறும் தாளுக்கு எழும் விசிலை, கேபின் கண்ணாடியில் கைவைத்தால் விரல் நுனியில் உணரலாம். 30 வருஷமாக ஒவ்வொரு முதல் காட்சியிலும் நான் கை வைக்கிறேன்.

பெயர் போடும் வரை திரையைப் பாருங்கள். அதன்பிறகு கண் மானிட்டரிலும் காது ஹாலிலும் இருக்கட்டும். படத்துக்குள் மூழ்கிவிட்டால் ஒரு பக்க ஸ்பீக்கர் நின்றுபோனது தெரியாது. கூட்டம் கத்தினால் எந்தக் கத்தல் என்று பிரித்தறியப் பழகுங்கள். சந்தோஷக் கத்தல் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒன்றாக எழும். குறை என்றால் ஒரு மூலையில் தொடங்கும், தலைகள் கேபின் பக்கம் திரும்பும். படம் என்ன ஆனாலும் நான் சாயங்காலக் காட்சியில்தான் பார்ப்பேன்.

12 மணிக்குக் கூட்டம் வெளியேறியதும் திரையின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பேப்பர் துண்டுகளை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடச் சொல்லுங்கள், ஈரத்துணி வேண்டாம். அடுத்த காட்சி 12.30க்கு. அரை மணி நேர இடைவெளிதான் என்றால் ஸெனான் விளக்கை அணைக்க வேண்டாம், அணைத்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் குறையும். ஷட்டரை மட்டும் மூடிவிட்டு, கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.